வண்டிக்குக் காப்புறுதி உண்டு, ஆளுக்கு உண்டா?

(ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியர்)

பண்டமாரான் பக்கம் காலை ஆறரை மணிக்குச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிள்ளான் துறைமுகத்தை நோக்கி நெடுநெடுவென்று போகும் பெட்டி லோரிகள் ஒரு பக்கம். அவற்றின் சக்கரங்களை ஒட்டி வளைந்து நெளிந்து செல்லும் மோட்டார் சைக்கிள்கள் மறுபக்கம். அந்த மோட்டார் சைக்கிள்களில் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் நம்மவர்கள்தாம். நேற்றுவரை லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக் களத்துக்கு நடந்து போனவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் துறைமுகத்துக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும் இன்று மோட்டார் சைக்கிள்தான் கால். சந்தைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையைப் பள்ளிக்கு விட எல்லாவற்றுக்கும் அதுதான்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 6,167 பேர் மாண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் இப்படி மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இறந்தவர் கணக்குதான் இது. கால் உடைந்து, கை விளங்காமல், தலையில் அடிபட்டு வீட்டோடு முடங்கிக் கிடப்போர் கணக்கு வேறு.

ஆண்டுக்கொரு முறை சாலை வரி எடுக்கும்போது காப்புறுதிக்கும் பணம் கட்டுகிறோம். "எதற்குக் கட்டுகிறோம்?" என்று கேட்டால், "போலீஸ் பிடித்தால் சம்மன் வருமே, அதற்குத்தான்!" என்று பதில் வருகிறது. பள்ளிக்கூடத்து வாசலில் பெற்றோர் என்னிடம் நீட்டும் கடிதங்களில் இந்தக் காப்புறுதிக் கடிதங்களும் வழக்கறிஞர் கடிதங்களும் அதிகம். ஆங்கிலத்திலோ மலாயிலோ அச்சடித்து வரும் அந்தக் காகிதத்தில் ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சோறு அடங்கியிருக்கும். அது தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கையைப் பிசைவதில் பயன் இல்லை. ஆகவே, இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காப்புறுதி யாருக்காக?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துவது நம் வண்டியைக் காப்பாற்ற அல்ல. நம் வண்டியால் அடிபடும் அடுத்தவரைக் காப்பாற்றத்தான். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது. அதற்கு முன் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொன்னது.

இதில் முதல் தரப்பு வண்டிக்காரர். இரண்டாம் தரப்பு காப்புறுதி நிறுவனம். மூன்றாம் தரப்பு யார்? சாலையோரம் நடந்து போகும் ஆயா, எதிரே சைக்கிளில் வரும் மாணவன், அடுத்த வண்டியில் இருப்பவர். இவர்களில் ஒருவர் நம் கவனக்குறைவால் காயம்பட்டாலோ மாண்டாலோ, நாம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை நமக்காக நிறுவனம் கொடுக்கும். கூலி வேலை செய்யும் ஒருவர் மோதிவிட்டால் அவரிடம் ஒரு லட்சம் வெள்ளி எங்கிருந்து வரும்? அடிபட்டவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது.

காப்புறுதியில் மூன்று வகை உண்டு.

ஒன்று, வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அடுத்தவருக்கு நேரும் காயம், அடுத்தவர் பொருளுக்கு நேரும் சேதம் ஆகியவற்றுக்கு மட்டும். இரண்டாவது, அதோடு நம் வண்டி தீப்பிடித்தாலோ திருட்டுப் போனாலோ ஈடு தருவது. மூன்றாவது, மோதலில் நம் வண்டி நசுங்கினாலும் பழுதுபார்த்துக் கொடுக்கும் முழுமைக் காப்புறுதி.

இந்த மூன்றில் எதை எடுத்தாலும், வண்டி ஓட்டும் உங்கள் உடம்புக்கு அதில் காப்பு இல்லை! பலரும் அறியாத செய்தி இதுதான். மழையில் வழுக்கித் தானே விழுந்து கால் முறிந்தால், மோட்டார் சைக்கிள் காப்புறுதியிலிருந்து உங்களுக்கு ஒரு காசும் வராது. அடுத்தவர் தவறு இருந்தால்தான் அவருடைய காப்புறுதியிலிருந்து நீங்கள் கேட்க முடியும். ஓட்டுபவர் தம் உடம்புக்குக் காப்பு வேண்டுமென்றால் தனிநபர் விபத்துக் காப்புறுதியைத் தனியே எடுக்க வேண்டும்.

பின்னால் உட்கார்ந்து வரும் மனைவி மக்களின் நிலை என்ன? எதிர்வண்டியின் மீது தவறு என்றால், அந்த வண்டியின் காப்புறுதியிலிருந்து அவர்கள் கேட்கலாம். ஆனால் தவறு ஓட்டிய கணவர் மீதே இருந்தால்? கூலி கொடுத்துப் பயணம் செய்வோருக்கும் வேலை ஒப்பந்தப்படி ஏற்றிச் செல்லப்படுவோருக்கும்தான் சட்டம் காப்பைக் கட்டாயமாக்குகிறது. சொந்தக் காரில் ஏறும் உறவினருக்கும் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருபவருக்கும் அது கட்டாயம் இல்லை. கார் வைத்திருப்போர் சிறு தொகை கூடுதலாகக் கட்டினால், பயணிகளுக்கான பொறுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் காரை நிறைத்துக்கொண்டு போகும் நம் குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். முகவராகவே முன்வந்து சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

கட்டணம் ஏன் ஏறுகிறது?

"ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதே ஐயா!" என்று கேட்பவர்களின் வருத்தம் நியாயமானதே. அதன் கதை இது.

வண்டிக் காப்புறுதிக் கட்டணத்தை நிறுவனங்கள் விருப்பம் போல் நிர்ணயிக்க முடியாதபடி 1978ஆம் ஆண்டில் ஒரு பொதுக் கட்டண அட்டவணை ஏற்பட்டது. அந்த அட்டவணை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமின்றி நின்றது. இதற்கிடையே மருத்துவச் செலவு ஏறியது, வண்டிகள் பெருகின, விபத்துகள் கூடின. மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் வரவுக்கு மேல் செலவாகிறது என்று நிறுவனங்கள் முறையிட்டன. பழைய வண்டிக்கும் டாக்சிக்கும் பஸ்ஸுக்கும் காப்புறுதி கிடைப்பதே அரிதானது. அப்படித் தள்ளப்பட்ட வண்டிகளுக்காக 1992இல் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தொகுப்பை ஏற்படுத்த வேண்டியிருந்தது.

2010இல் பேங்க் நெகாரா ஒரு யோசனையை முன்வைத்தது. அடிப்படைக் காப்புறுதி என்று ஒன்றைக் கொண்டுவந்து, காயம்பட்டோருக்குக் கொடுக்கும் இழப்பீட்டுக்கு வரம்பு கட்டலாம் என்பது அதன் சாரம். வழக்கறிஞர் மன்றம் இதை எதிர்த்தது. அடிபட்டவனின் ஈட்டைக் குறைத்துத்தான் கட்டணத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. பிறகு, 2012 முதல் கட்டணத்தைப் படிப்படியாக உயர்த்தும் வேறு ஏற்பாடு வந்தது. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து முழுமைக் காப்புறுதிக்கும் தீ, திருட்டுக் காப்புறுதிக்கும் பொது அட்டவணை நீங்கியது. அதனால் ஒரே வண்டிக்கு ஒரு நிறுவனம் ஒரு விலையும் மற்றொன்று வேறு விலையும் சொல்லலாம். ஆகவே, காய்கறிச் சந்தையில் நான்கு கடை ஏறி இறங்கும் தாய்மார்களே, காப்புறுதிக்கும் நான்கு இடத்தில் விலை கேளுங்கள்!

கட்டணத்தைக் குறைக்க நம் கையில் இருக்கும் பெரிய வழி, ஈடு கோராமல் இருப்பதற்குக் கிடைக்கும் தள்ளுபடி. காருக்கு முதல் ஆண்டு 25 விழுக்காடு; அடுத்து 30; பிறகு 38.33, நான்காம் ஆண்டு 45, ஐந்தாம் ஆண்டு 55 விழுக்காடு. ஆயிரம் வெள்ளிக் கட்டணம் 450 வெள்ளியாகிவிடும். முத்திரைத் தாளுக்கான 10 வெள்ளியும் சேவை வரியும் தனி. மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25 விழுக்காடு என்று மூன்று படிகள். முந்நூறு வெள்ளிச் சேதத்துக்கு ஈடு கோரி, இந்தத் தள்ளுபடியை இழப்பது அவல் தின்ன ஆசைப்பட்டு அரிசியைத் தோற்ற கதை. ஆனால் தவறு முழுவதும் எதிர்வண்டியினுடையது என்றால், முழுமைக் காப்புறுதி எடுத்தவர் தம் நிறுவனத்திடமே வண்டிச் சேதத்துக்கு ஈடு பெற்று, தள்ளுபடியையும் காத்துக்கொள்ளும் முறை உண்டு. முகவரிடம் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இன்னொரு வழியைச் சிலர் கையாளுகிறார்கள். பழைய மோட்டார் சைக்கிளைக் கைமாற்றி வாங்கி, பெயரை மாற்றாமலே பல வருடம் ஓட்டுவது; லைசன்ஸ் இல்லாத மகனிடம் சாவியைக் கொடுப்பது; காப்புறுதி முடிந்தும் "நம்ம தோட்டத்துக்குள்ளேதானே" என்று ஓட்டுவது. இவை சிக்கனம் அல்ல, ஆபத்து. வண்டியை விற்றவர் பெயரில் இருக்கும் காப்புறுதி, வாங்கியவரைக் காக்கும் என்று நம்பி இருக்க முடியாது. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியவர் அடிபட்டால், அவருடைய இழப்பீட்டு வழக்கே சிக்கலில் மாட்டும். தோட்டத்து மண் சாலை என்றாலும் மண்டை உடைவது ஒன்றுதான்.

ஒரு காலுக்கு என்ன விலை?

இனி, முக்கியமான பகுதிக்கு வருவோம். அடுத்தவர் தவறால் காயம்பட்டவர் என்னென்ன கேட்கலாம்?

முதலாவது, பட்ட வலிக்கும் வேதனைக்கும், இழந்த சுகத்துக்குமான தொகை. எலும்பு முறிவுக்கு இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று முந்தைய தீர்ப்புகளை ஒட்டி நீதிபதி முடிவு செய்வார். இரண்டாவது, கையிலிருந்து செலவான பணம். மருந்து, போக்குவரத்து, பார்த்துக்கொண்டவரின் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, வருங்காலத்தில் இழக்கப்போகும் சம்பாத்தியம்.

மூன்றாவதில்தான் பெரிய தொகை இருக்கிறது. அதில்தான் வாதமும் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தை 1984இல் திருத்தியபோது, வருங்காலச் சம்பாத்தியத்தைக் கணக்கிட ஒரு வாய்பாடு வகுத்தார்கள். அடிபட்டவர் 30 வயது அல்லது அதற்குக் கீழ் என்றால், 16 ஆண்டு வருமானம். அதற்கு மேல் என்றால், 55இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 55 வயதைத் தாண்டியவருக்கு இந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. அறுபதுவரை பால் வெட்டியவர்களும் செம்பனை வெட்டியவர்களும் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் உழைப்பைச் சட்டம் 55லேயே நிறுத்திவிட்டது. இந்தக் குறை தீர 35 ஆண்டுகள் ஆயின. 2019 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தம், 55 என்ற இடத்தில் 60ஐ வைத்தது.

இதன் பலன் என்ன? பள்ளிக் கணக்குப் போலவே போட்டுப் பார்ப்போம். மாதம் 1,700 வெள்ளி சம்பாதிக்கும் 40 வயதுத் தொழிலாளி இனி வேலையே செய்ய முடியாதபடி அடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய கணக்கு: 55இல் 40 போக 15, இரண்டால் வகுத்தால் ஏழரை. ஆண்டு வருமானம் 20,400 வெள்ளி. ஏழரையால் பெருக்கினால் 153,000 வெள்ளி.

புதிய கணக்கு: 60இல் 40 போக 20, இரண்டால் வகுத்தால் 10. ஆகவே 204,000 வெள்ளி.

இரண்டுக்கும் வித்தியாசம் 51,000 வெள்ளி. இதிலிருந்து அவருடைய சொந்த வாழ்க்கைச் செலவை நீதிமன்றம் கழிக்கும். ஆகவே கையில் வருவது இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ஒரு சட்டத் திருத்தம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்பதைக் காண இந்தக் கணக்குப் போதும்.

குடும்பத் தலைவர் மாண்டுபோனாலும் இதே வாய்பாடுதான். ஆனால் அவர் சம்பாதித்த முழுத்தொகை எடுத்துக்கொள்ளப்படாது. குடும்பத்துக்காக அவர் கொடுத்துவந்த தொகையே கணக்கில் வரும். 32 வயதில் மாண்டவர் வீட்டுக்கு மாதம் 800 வெள்ளி கொடுத்துவந்தார் என்றால், ஆண்டுக்கு 9,600 வெள்ளி. 14 ஆண்டுக்கு 134,400 வெள்ளி. இதோடு, துயரத்துக்கான தொகை என்று சட்டம் குறிக்கும் உறவினருக்கு ஒன்று உண்டு. முன்பு 10,000 வெள்ளியாக இருந்த அது, 2019 திருத்தத்தால் 30,000 வெள்ளியாயிற்று. ஓர் உயிருக்கு விலை முப்பதாயிரமா என்று கேட்காதீர்கள். உயிருக்கு யாராலும் விலை போட முடியாது. சட்டம் தரும் ஓர் ஆறுதல்தான் அது.

இந்தக் கணக்கில் இன்னும் ஒரு பெருங்குறை இருக்கிறது. வருங்காலச் சம்பாத்தியத்தைக் கேட்க வேண்டுமானால், விபத்துக்கு முன் சொந்த உழைப்பால் வருமானம் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் சம்பளம் இல்லாமல் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து, கிழவர்களையும் பார்த்துக்கொள்ளும் இல்லத்தரசிக்கு? எஸ்.பி.எம். எழுதக் காத்திருக்கும் மாணவிக்கு? இந்த வாய்பாட்டில் அவர்களுக்கு இடம் இல்லை. ஒரு தாய் ஆறு மாதம் படுத்துவிட்டால் அந்த வீடு என்ன பாடுபடும் என்பதை லயத்தில் வாழ்ந்த எவரும் அறிவார். வயது வரம்பைத் திருத்த 35 ஆண்டுகள் ஆயின. தாய்மாரின் உழைப்பைக் கணக்கில் சேர்க்க இன்னும் எத்தனை ஆண்டுகளோ! கட்டணம் குறைய வேண்டும் என்று கேட்கும் அதே வாயால், இழப்பீடு நியாயமாக வேண்டும் என்றும் நாம் கேட்க வேண்டும். இன்றைக்குக் கட்டணம் கட்டுபவன்தான் நாளைக்கு அடிபட்டுக் கிடப்பவன்.

சொக்சோவை மறக்காதீர்கள்

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்து, சொக்சோவில் வேலை விபத்தாகவே கருதப்படும். அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போகும் பயணமும் அப்படியே. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971 முதல் நடந்துவரும் இந்தத் திட்டத்தின் சிறப்பு என்னவென்றால், தவறு யார் மீது என்று கேட்பதில்லை. தானே வழுக்கி விழுந்தாலும் கிடைக்கும். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், அந்த நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கணக்கில் தொகை உண்டு. நிரந்தர ஊனத்துக்கும், மாண்டவரின் வாரிசுகளுக்கும் தனி உதவிகள் உண்டு.

ஆனால் பயணம் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரான வழியில் இருக்க வேண்டும். நடுவில் சொந்தக் காரியமாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் மறுக்கப்படலாம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைச் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே உடனே கிராணியிடமோ அலுவலகத்திலோ சொல்லிவிடுங்கள்.

சொக்சோவில் வாங்கிவிட்டால் மோதியவர் மீது வழக்குப் போட முடியாது என்று ஒரு வதந்தி உண்டு. அது தவறு. சொக்சோ கொடுத்த வேலை விபத்துக்கு முதலாளி மீதுதான் வழக்குத் தொடர முடியாது. வழியில் வந்து மோதிய வேறொரு லோரிக்காரர் மீது தாராளமாகத் தொடரலாம்.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை

1. எதிர்வண்டியின் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எண் இருந்தால் காப்புறுதி நிறுவனத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எண் இல்லாவிட்டால் வழக்குத் தொடர ஆளே இல்லாமல் போகும். பார்த்தவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்.

2. 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்பது ஓட்டுநருக்குச் சட்டம் விதித்த கடமை. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நீங்கள் சொன்னபடி இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். "எப்படி நடந்தது என்றே தெரியவில்லை" என்று எழுதிய ஒரு வரி, பின்னால் முழு வழக்கையும் கவிழ்த்துவிடும்.

3. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையானாலும் சரி, வேறு அரசாங்க மருத்துவமனையானாலும் சரி, எல்லாக் காயங்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காலில் பெரிய அடி இருக்கிறதென்று தோள் வலியைச் சொல்லாமல் விடாதீர்கள். மருத்துவ அறிக்கையில் ஏறாத காயத்துக்கு ஈடு பெறுவது கடினம்.

4. தனியார் மருத்துவமனைக்கு மாறும் முன் யோசியுங்கள். அரசாங்க மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை கிடைக்காது அல்லது போதாது என்று காட்டாவிட்டால், முழுச் செலவும் நீதிமன்றத்தில் கிடைக்காது.

5. ரசீதுகள், எம்.சி., சம்பளச் சீட்டு, இ.பி.எப். கணக்கு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். கையில் சம்பளம் வாங்குபவர்கள் முதலாளியிடமிருந்து ஒரு கடிதமாவது பெற்று வைக்க வேண்டும். எழுத்தில் இல்லாத சம்பளத்தை நீதிமன்றம் எப்படி நம்பும்?

6. தலைக்கவசம் போடுங்கள். 1973 முதல் அது சட்டம். அடிபட்டவர் பக்கமும் தவறு இருந்தால் அந்த அளவு ஈட்டில் குறையும். ஒரு லட்சம் வெள்ளித் தீர்ப்பில் 30 விழுக்காடு தவறு உங்களுடையது என்றால், 70,000 வெள்ளிதான் கிடைக்கும். உயிரே போனால் எதைப் பெற்று என்ன?

கட்டிலைத் தேடி வருபவர்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பழமும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் வருவார். "அண்ணே, கவலைப்படாதீங்க, எல்லாம் நான் பார்த்துக்கறேன். இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார். சில நூறு வெள்ளி முன்பணமும் கொடுப்பார். இவர் வழக்கறிஞர் அல்லர். வழக்குப் பிடிக்கும் தரகர். இப்படித் தரகர் வைத்து வழக்குப் பிடிப்பது வழக்கறிஞர் ஒழுக்க விதிகளுக்கு விரோதமானது. வழக்கில் ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வதையும் 1976ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டம் தடுக்கிறது. உங்கள் வழக்கறிஞரை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். அவர் பெயர், அலுவலகம், கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையில் விசாரித்துப் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம், நிறுவனத்தின் சார்பில் சீக்கிரமே சமரசம் பேச வருவார்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற சொற்கள் உள்ள தாளில் கையெழுத்திட்டால் கதை அதோடு முடிந்தது. அடுத்த வருடம் காலில் இன்னொரு அறுவை சிகிச்சை என்றாலும் கேட்க முடியாது. காயம் ஆறி, டாக்டர் இறுதி அறிக்கை கொடுக்கும்வரை அவசரப்பட வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் வழக்கில் பேசி முடிக்கும் தொகைக்கு நீதிமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். பிள்ளையின் பணம் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கான காவல் அது.

பொறுமை வேண்டும் என்றேன்; உறங்கிவிடச் சொல்லவில்லை! காயத்துக்கான வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுக்குள் போட வேண்டும். மாண்டவரின் குடும்பம் தங்கள் ஆதரவை இழந்ததற்காகப் போடும் வழக்குக்கு 3 ஆண்டுதான். மோதியது அரசாங்க வண்டி என்றாலும் 3 ஆண்டுதான். நாள் கடந்தால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு அடைபட்டுவிடும். தொகை எவ்வளவு பெரிதானாலும் சாலை விபத்து வழக்கைச் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். கிள்ளானிலேயே அது இருக்கிறது. வழக்குப் போட்டதும் 7 நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்புப் போக வேண்டும். உங்கள் வழக்கறிஞர் அதைச் செய்தாரா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

மோதிய வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். அப்படிப்பட்டவரால் அடிபட்டவர்களுக்கென்றே காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த மோட்டார் காப்புறுதியாளர் கழகம் ஒன்று இருக்கிறது. போக்குவரத்து அமைச்சரோடு 1968இல் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து அது இந்தப் பொறுப்பை ஏற்றுவருகிறது. வழக்கறிஞர் மூலம் அங்கும் கேட்கலாம்.

வாசகர்களே! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வண்டியின் காப்புறுதித் தாளை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, என்றைக்கு முடிகிறது, எந்த வகை, பயணிகளுக்குக் காப்பு உண்டா என்று நான்கே கேள்வி. தாளில் உள்ளது புரியவில்லை என்றால், படிக்கும் பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம். தாளில் குறை இருந்தால் திங்கட்கிழமையே சரிசெய்யுங்கள். அந்தத் தாளையும் சம்பளச் சீட்டுகளையும் சொக்சோ எண்ணையும் பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில் வைத்து, வைத்த இடத்தை மனைவிக்கும் சொல்லி வையுங்கள். ஆபத்து நேரத்தில் பெட்டியைத் திறக்க வேண்டியவர் அவர்தான்.